எந்தப் படத்தைப் பார்த்தோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்

‘மெய்யழகன்’ படத்தை 2024 செப்டம்பர் இறுதியில், வெளியான முதல் நாளே பார்த்தேன். திருமண மேடையில் அண்ணன் கொண்டுவந்த பரிசைத் தங்கை அங்கேயே பிரித்துப் பார்க்கும் காட்சியில் கண் கலங்கிவிட்டது. பின்பாதியில் இரவெல்லாம் நீளும் பேச்சில் மட்டும் ஓரிரு இடங்களில் படம் தன் கதையை விட்டு விலகிப் போவதாகத் தோன்றியது. இரண்டையும் அக்காவின் கணவரிடம் தொலைபேசியில் சொன்னேன். பத்து நாள் கழித்து அவரும் பார்த்துவிட்டு அழைத்தார். “நீ சொன்ன இழுவை எங்கேயும் இல்லையே” என்றார். நான் ஒரு குறிப்பிட்ட பகுதியைச் சொல்லி, அது உங்களுக்கு நீளமாகத் தெரியவில்லையா என்று கேட்டேன். அப்படி ஒரு பகுதியே படத்தில் வரவில்லை என்றார் அவர். நானும் விடவில்லை. அரை மணி நேரம் வாதாடினோம். கடைசியில், “அந்த நேரத்தில் தூங்கிவிட்டீர்களா, அத்தான்?” என்று கேட்டுவிட்டேன். சற்று நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு, “சரி, வைக்கிறேன்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

படம் வெளியான சில நாட்களிலேயே அதிலிருந்து ஏறக்குறைய 18 நிமிடங்களைக் குறைத்துவிட்டார்கள் என்பது அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. நான் பார்த்தது கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் படம். அவர் பார்த்தது அதைவிடச் சிறியது. ஒரே பெயரில் இரண்டு படங்களைப் பார்த்துவிட்டு, ஒன்றைப் பார்த்தவர்போலச் சண்டையிட்டிருக்கிறோம். அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றாலும், நான் கேட்ட கேள்வி எனக்குள் நெடுநாள் உறுத்திக்கொண்டிருந்தது.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக, பார்த்த படங்களைப் பற்றி வீட்டிலும் நண்பர்களிடமும் பேசியும், ஒரு நோட்டில் எழுதியும் வருகிறேன். இத்தனை காலத்தில் வந்த மனத்தாங்கல்களை எண்ணிப் பார்த்தால், ரசனை வேறுபாட்டால் வந்தவை மிகக் குறைவு. எதைப் பார்த்தோம் என்பதைச் சொல்லாமல், எப்படி இருந்தது என்பதை மட்டும் சொன்னதால் வந்தவைதான் அதிகம். அதனால் இப்போதெல்லாம் என் கருத்தைத் தொடங்கும்போதே, எந்த நாளில், திரையரங்கிலா வீட்டிலா, எவ்வளவு நீளமுள்ள பிரதியில் பார்த்தேன் என்று ஒரு வாக்கியம் சொல்லிவிடுகிறேன். கேட்பவருக்கு அது தேவையற்ற விவரமாகத் தோன்றலாம். ஆனால் அந்த ஒரு வாக்கியம் இருந்திருந்தால் அத்தானிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டேன்.

புதிய படத்துக்கே இப்படி என்றால், பழைய படங்களின் நிலை இன்னும் சிக்கலானது. எஸ். பாலசந்தர் இயக்கத்தில் ஏவி.எம். நிறுவனம் 1954இல் தயாரித்த ‘அந்த நாள்’ படத்தை நான் முதன்முதலில் பார்த்தது வீட்டு அகலத்திரைத் தொலைக்காட்சியில். இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சென்னையில் ஒரு வானொலிப் பொறியாளர் சுட்டுக்கொல்லப்படுகிறார். விசாரணையில் ஒவ்வொருவரும் தத்தம் கண்ணில் பட்டதைச் சொல்ல, அதே மனிதர் ஒவ்வொரு வாக்குமூலத்திலும் வேறொருவராகத் தெரிகிறார். கதை என்னை இழுத்துக்கொண்டது. ஆனால் அண்மைக் காட்சிகளில் நெற்றிக்கு மேல் முகம் வெட்டுப்பட்டே இருந்தது. அந்தக் காலத்தில் சட்டகம் அமைப்பதில் கவனம் போதவில்லை என்று நோட்டில் எழுதினேன். இரண்டு நண்பர்களிடம் சொல்லவும் செய்தேன். அவர்களில் ஒருவர் சில ஆண்டுகள் படத்தொகுப்பில் உதவியாளராக இருந்தவர். அவர் என் குறையை மறுக்கவே இல்லை, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “டிவில திரை முழுக்க நிறைஞ்சு தெரிஞ்சுதா?”

ஆமாம் என்றேன். அதுதான் காரணம் என்றார். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படமான, அதாவது அகன்ற சட்டகத்தில் வந்த முதல் படமான ‘ராஜராஜ சோழன்’ 1973இல்தான் வந்தது. ‘அந்த நாள்’ காலத்துப் படங்களின் சட்டகம் நான்குக்கு மூன்று என்ற அளவில், ஏறக்குறைய சதுரமாக இருக்கும். அதை இன்றைய அகலத்திரையில் முழுவதுமாக நிரப்ப வேண்டும் என்றால் ஒன்று மேலும் கீழும் வெட்ட வேண்டும், இல்லையென்றால் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். வெட்டினால் தலை போகும். இழுத்தால் எல்லாரும் பருத்துத் தெரிவார்கள். என் தொலைக்காட்சி முன்னதைச் செய்திருந்தது. அமைப்புகளுக்குள் போய், பட அளவை அதன் இயல்பான விகிதத்துக்கு மாற்றிவிட்டு மறுபடி பார்த்தேன். இருபுறமும் கறுப்புப் பட்டைகள் வந்தன; நடுவில் முகங்கள் முழுமையாக வந்தன. முகத்தின் ஒரு பாதியில் விழும் ஒளியையும் மறு பாதியை மூடும் நிழலையும் எவ்வளவு அளந்து அமைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. எழுபதாண்டுகளுக்கு முன் உழைத்த ஒரு கலைஞர் மீது நான் சுமத்திய குறை, என் வீட்டுக் கருவியின் குறை. அந்தப் பக்கத்தை அடித்துவிட்டு, திருத்தத்தை அதன் கீழேயே எழுதிவைத்தேன். நண்பர்கள் இருவரிடமும் திரும்பச் சொன்னேன்.

‘பதேர் பாஞ்சாலி’யிலும் இதேபோல் நடந்தது. 1955இல் வந்த சத்யஜித் ராயின் அந்த வங்காளப் படத்தை நான் முதலில் பார்த்தது கீறல் விழுந்த, மங்கிய ஒரு பிரதியில். எல்லாரும் சொல்லும் அழகு என் கண்ணில் படவில்லை என்று துணிந்து சொல்லியிருக்கிறேன். 1993இல் லண்டனில் நடந்த தீவிபத்தில் அதன் மூல நெகடிவ் கருகிப்போனதும், பின்னர் இத்தாலியின் பொலோன்யா நகரத்து ஆய்வகத்தில் அதைச் சட்டகம் சட்டகமாக மீட்டதும், மீட்ட பிரதி 2015இல் திரைக்கு வந்ததும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தப் பிரதியில் நாணல் பூக்கள் வெண்மையாகவே தெரிந்தன. பழைய படம் ஒன்று பிடிக்கவில்லை என்றால், பிடிக்காமல் போனது படமா பிரதியா என்று ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன். இன்னொன்றும் செய்கிறேன்: படத்தின் மொத்த நீளம் எவ்வளவு என்று தேடிப் பார்த்து, என் கையில் இருக்கும் பிரதியோடு ஒப்பிடுகிறேன். இரண்டரை மணி நேரப் படம் இரண்டு மணி நேரத்தில் முடிகிறது என்றால் பாடல்களோ துணைக்கதையோ பறிபோயிருக்கும். அந்த நிலையில் ‘திரைக்கதை தாவுகிறது’ என்று சொல்வது நியாயமாகாது.

பிரதி சரியாக இருந்தாலும் நம் நினைவு சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ‘அந்த நாள்’ பற்றி நான் பேசிக்கொண்டிருந்தபோது பெரியப்பா, “அதில் ஒரு பாட்டு வருமே, மெதுவாக, ராத்திரி நேரத்தில்” என்றார். படத்தில் ஒரு பாடல்கூட இல்லை. அது அறியப்படுவதே பாடலில்லாத தமிழ்ப்படம் என்றுதான். நான் மறுத்துப் பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து பார்த்தோம். முடிந்ததும், “வேறு படத்தோடு சேர்த்து வைத்திருந்திருக்கிறேன்” என்று தாழ்ந்த குரலில் சொன்னார். சிறுவயதில் பார்த்த படம் அவருக்குள் ஐம்பதாண்டுகள் வளர்ந்து ஒரு பாட்டையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நெடுநாளைக்கு முன் பார்த்த படத்தைப் பற்றிப் பேசும்போது, ‘நினைவிலிருந்து சொல்கிறேன்’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதை அன்றிலிருந்து கடைப்பிடிக்கிறேன்.

நோட்டில் எழுதும் முறையையும் காலப்போக்கில் மாற்றிக்கொண்டேன். முன்பெல்லாம் படம் முடிந்து வெளியே வந்ததும் கைப்பேசியில் மற்றவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று படித்துவிட்டுத்தான் எழுதுவேன். எழுதியதை ஒரு மாதம் கழித்துப் படித்தால், எது என் எண்ணம், எது கடன் வாங்கியது என்று எனக்கே பிரித்தறிய முடியாது. இப்போது எதையும் படிப்பதற்கு முன் மூன்று வரி மட்டும் எழுதுகிறேன்: கண்முன் நிற்கும் ஒரு காட்சி, மனம் விலகிய ஓர் இடம், விடை தெரியாத ஒரு கேள்வி. ‘அருமை’, ‘சுமார்’ போன்ற சொற்களை அந்த மூன்று வரிக்குள் விடுவதில்லை. அந்தச் சொற்கள் வந்துவிட்டால் மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

கதையின் முடிவைச் சொல்லிவிடக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். எனக்குத் தெரியாமல் போனது, புகழ்ச்சியாலும் முடிவு வெளிப்பட்டுவிடும் என்பது. அக்காவின் மகளுக்குக் கொலை மர்மக் கதைகள் உயிர். ‘அந்த நாள்’ பார்க்கச் சொன்னபோது, கதையில் ஒரு சொல்கூடச் சொல்லாமல் மிகுந்த எச்சரிக்கையுடன்தான் இருந்தேன். ஆனால் உற்சாகத்தில், “கடைசிக் காட்சியில் இன்னாருடைய நடிப்பை மட்டும் கவனித்துப் பார்” என்று ஒருவரின் பெயரைச் சொல்லிவிட்டேன். படம் தொடங்கி அரை மணி நேரத்திலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. “மாமா, நீங்க ஏன் அந்தப் பேரைச் சொன்னீங்க?” என்று அவள் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. முதல்முறை பார்க்கும் அனுபவம் ஒருவருக்கு ஒருமுறைதான் வாய்க்கும். அவளுக்கு அதை நான் திருப்பித்தர வழியே இல்லை. இப்போது பார்க்காதவரிடம் பேசும்போது முதல் இருபது, முப்பது நிமிடங்களுக்கு உட்பட்டவற்றை மட்டும் சொல்கிறேன். ‘எதிர்பாராத திருப்பம் இருக்கிறது’ என்றுகூடச் சொல்வதில்லை. திருப்பம் இருக்கிறது என்று தெரிந்தவர் அதைத் தேடிக்கொண்டே பார்ப்பார், படத்தைப் பார்க்கமாட்டார்.

இந்த நோட்டில் நான் அதிகம் திருத்தி எழுதிய பக்கம் பாலு மகேந்திராவின் ‘வீடு’ படத்துக்கானது. 1988இல் வந்த படம். சின்ன வேலையில் இருக்கும் சுதா, குடியிருக்கும் வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலையில், தங்கையையும் வயதான தாத்தாவையும் வைத்துக்கொண்டு ஒரு சிறு வீட்டைக் கட்ட முயல்வதுதான் கதை. சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. கல்லூரியில் படிக்கும்போது அதைப் பார்த்துவிட்டு, ‘ஒன்றும் நடக்கவில்லை, மணலும் செங்கல்லும் கடன் விண்ணப்பமுமாகவே படம் போகிறது’ என்று எழுதியிருந்தேன். அந்த எழுத்தில் இருந்த உறுதியை இன்று படித்தால் வியப்பாக இருக்கிறது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து நானே ஒரு வீடு கட்டினேன். கூரைக்குக் கான்கிரீட் போட்ட நாளில் வந்து இறங்கிய சிமெண்ட் மூட்டைகளையும் கலவையில் போன மூட்டைகளையும் எண்ணிப் பார்த்தேன், கணக்கு பொருந்தவில்லை. கேட்டால் வேலை நின்றுவிடுமோ என்ற அச்சம். கேட்காவிட்டால் தலைக்கு மேல் இருக்கப்போகும் கூரை அது. வெயிலில் நின்றுகொண்டு, சிமெண்ட் படிந்த விரலால் மூட்டைகளை மூன்றாம் முறை எண்ணிக்கொண்டிருந்தபோது, எங்கோ இதைப் பார்த்திருக்கிறோம் என்று தோன்றியது. சிமெண்ட் களவுபோவதைச் சித்தாளாக வரும் மங்கம்மா சுட்டிக்காட்ட, சுதா ஒப்பந்தக்காரரை எதிர்கொள்ளும் பகுதி அது.

அன்றிரவே படத்தை மறுபடி பார்த்தேன். ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று நான் எழுதிய அதே படத்தில் காட்சிக்குக் காட்சி நெஞ்சு பதறியது. கட்டி முடியாத அந்த வீட்டைத் தாத்தா வந்து பார்க்கும் காட்சியில், சொக்கலிங்க பாகவதர் வசனம் ஏதும் பேசாமலேயே சுற்றி வருகிறார். பின்னணியில் இளையராஜாவின் இசை. ஒரு மனிதன் தன் பேத்தியின் பெயரில் ஒரு சுவர் எழுவதைப் பார்ப்பது என்றால் என்ன என்று இருபது வயதில் எனக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. படம் மாறவில்லை. நான் முதலில் எழுதியதும் பொய்யில்லை. இருபது வயதுக்காரன் கண்டதை உள்ளபடியே எழுதியிருக்கிறான். பழைய குறிப்பை அழிக்காமல், புதியதை அதன் கீழே தேதியிட்டு எழுதினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு கருத்துக்கும் தேதி போடுகிறேன். இளையவர் ஒருவர், எனக்கு மிகப் பிடித்த படத்தைச் சலிப்பாக இருக்கிறது என்று சொன்னால் வாதாடுவதும் இல்லை. பத்தாண்டு கழித்து ஒருமுறை பார்க்கச் சொல்லிவிட்டு, எந்த இடத்தில் சலித்தது என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்கிறேன்.

யாரைப் பாராட்டுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தந்தவர் அப்பா. ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தை வீட்டில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். சிவாஜி கணேசன் நாதஸ்வரம் வாசிக்கும்போது கன்னமும் கழுத்தும் விரலும் இசைந்து அசைவதைக் காட்டி, வாசிப்பதே அவர்தான் என்று தோன்றுகிறது என்றேன். அப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணைத் திறக்காமலேயே, “வாசிச்சவங்க பேரையும் ஒரு தடவை சொல்லு” என்றார். எனக்குத் தெரியவில்லை. மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் என்று அவரே சொன்னார். ஆனந்த விகடனில் கொத்தமங்கலம் சுப்பு தொடராக எழுதிய கதை அது என்பதையும், ஏ.பி. நாகராஜன் அதை 1968இல் படமாக்கினார் என்பதையும் அதன் பிறகே தெரிந்துகொண்டேன். அதுவரை, நன்றாக இருந்தால் நடிகரையும் சரியில்லை என்றால் இயக்குநரையும் சொல்வதே என் வழக்கம். ‘முள்ளும் மலரும்’ படத்தின் மலைக்காட்சிகளுக்காக இயக்குநர் மகேந்திரனை மட்டும் வியந்து பேசியிருக்கிறேன். ஒளிப்பதிவு பாலு மகேந்திராவுடையது. ஆகவே படத்தின் கடைசியில் கலைஞர்களின் பெயர்கள் ஓடி முடியும்வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். கண்ணில் நின்ற காட்சி ஒளிப்பதிவாளருக்கா, தொகுப்பாளருக்கா, ஒலி வடிவமைப்பாளருக்கா உரியது என்று யோசித்துப் பெயரைச் சொல்கிறேன். தவறாகவும் போகலாம், ஆனால் தேடும்போதே படம் எப்படி உருவாகிறது என்பது கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபடுகிறது.

வசூல் எவ்வளவு, ஓடுமா ஓடாதா என்ற பேச்சை நான் தொடுவதே இல்லை. ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டாலும் சொல்வதில்லை. இரண்டுமே உரையாடலை அங்கேயே முடித்துவிடுகின்றன.

ஓர் இரவு பொறுப்பது பலன் தரும் என்பதை ‘கொட்டுக்காளி’யில் கண்டேன். பி.எஸ். வினோத்ராஜ் இயக்கி 2024 ஆகஸ்டில் வந்த படம் அது. ஓர் இளம்பெண்ணுக்குப் பேய் பிடித்திருப்பதாக நம்பி, குடும்பத்தார் அவளை ஆட்டோவில் சாமியாரிடம் அழைத்துச்செல்வதுதான் கதை. அதில் பின்னணி இசையே இல்லை. முடிவையும் அது நம்மிடமே விட்டுவிடுகிறது. விளக்குகள் எரிந்ததும் பக்கத்து இருக்கையில் இருந்தவர், “அவ்வளவுதானா?” என்று கேட்டார். எனக்கும் அதே எண்ணம்தான். அன்றிரவு நோட்டில் ‘முழுமை பெறவில்லை’ என்று எழுதிவிட்டுப் படுத்தேன். காலையில் எழுந்தபோது காதில் ஒலித்துக்கொண்டிருந்தது ஆட்டோவின் இரைச்சலும், சுற்றியிருப்பவர்கள் ஓயாமல் பேச அன்னா பென் ஏற்ற மீனா வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த மௌனமும். இசை இருந்திருந்தால் நான் எப்போது வருந்த வேண்டும், எப்போது அஞ்ச வேண்டும் என்று அது சொல்லிக்கொண்டே வந்திருக்கும். சொல்ல யாருமில்லாததால், ஒருவரும் அவளைக் கேட்கவில்லை என்பது எனக்கு நேரடியாக உறைத்தது. எழுபது ஆண்டுகளுக்கு முன் பாடல் இல்லாத படத்துக்குச் சென்று, பாட்டு எப்போது வரும் என்று காத்திருந்தவர்களுக்கும் இதே தவிப்புதான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ‘அந்த நாள்’ பார்த்திராவிட்டால் எனக்கு ‘கொட்டுக்காளி’ இந்த அளவுக்குத் திறந்திருக்காது. பழையதையும் புதியதையும் மாறிமாறிப் பார்ப்பதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான்.

மாற்றுக்கருத்து உள்ளவரிடம் பேச எனக்கு உதவும் கேள்வி ஒன்று உண்டு. ‘ஏன் பிடிக்கவில்லை?’ என்று கேட்டால் எவரும் தம் ரசனையைக் காத்துக்கொள்ளத் தொடங்கிவிடுகிறார்கள். ‘எந்த இடத்தில் கைப்பேசியைக் கையில் எடுத்தீர்கள்?’ என்று கேட்டால் உண்மையான பதில் வருகிறது. ஒரு நண்பர் ‘மெய்யழகன்’ படத்தில், ஊரைவிட்டுப் போனவர் விட்டுச்சென்ற சைக்கிள் இன்னொருவரின் வாழ்வை மாற்றிய கதை வரும் இடத்தில் எடுத்ததாகச் சொன்னார். நான் அதே இடத்தில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவருடைய சிறுவயதில் யாரும் எதையும் விட்டுச்சென்றதில்லை என்றும், அதனால் அந்த நன்றியுணர்வு தமக்கு மிகையாகப் பட்டது என்றும் சொன்னார். அந்த உரையாடலுக்குப் பின் என் கருத்து மாறவில்லை. ஆனால் அவரைப் பற்றிப் பதினைந்து ஆண்டுகளாக எனக்குத் தெரியாத ஒன்று தெரிந்தது.

சென்ற மாதம் அத்தான் வந்திருந்தார். சொந்தமாக வீடு கட்ட வரைபடம் போட்டிருப்பதாகச் சொல்லி விரித்துக் காட்டினார். நான் ஒப்பந்தக்காரரைப் பற்றிச் சில விவரங்கள் சொல்லிவிட்டு, அடித்தளம் தோண்டுவதற்கு முன் ‘வீடு’ படத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்றேன். கதை என்ன என்று கேட்டார். ஒரு பெண் வீடு கட்டுகிறாள் என்று மட்டும் சொன்னேன். முடிவில் கட்டி முடிக்கிறாளா என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. வரைபடத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே, “சரி, நீ பார்த்த பிரதி எத்தனை நிமிடம்?” என்று கேட்டார்.